சிவப்புக் கேபிள்

எந்த வாயிலும் பொருந்துவான். எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டான். யார் அவன்?

கணினிக்குள் புதிதாக வந்த கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. கழற்றிப் போட்ட பழைய பவர் சப்ளையின் சிவப்புக் கேபிள் முந்திக்கொண்டது.

"என்னைச் செருகச் சொல்லுங்க மாப்பிள்ளை, கச்சிதமா உட்காருவேன்!"

"அவன் வேற வீட்டுக் கேபிள், தம்பி," என்றது புதிய பவர் சப்ளை. "என்கிட்டயும் முனை பொருந்தும். ஆனா உள்ளே கம்பி வரிசை வேற. மின்சாரம் மாறிப் பாஞ்சா நீ கருகிப் போவே. என்னோட வந்த கறுப்புக் கேபிள்தான் உனக்குச் சரி."

"அந்த அழுமூஞ்சியா?" என்றது கார்டு. "நம்ம பெட்டிக்குக் கண்ணாடிச் சுவர், பெரியப்பா. நாலு பேர் பார்க்க வேண்டாமா?"

பெட்டியைத் திறந்து வைத்திருந்த சிறுமி மதிவதனி இரண்டு கேபிள்களையும் கையில் எடுத்துப் பார்த்தாள். சிவப்பைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். கண்ணாடிச் சுவருக்குள் புகை எழுந்தது.