காலியான மூன்றாம் வரிசை

"பார்த்தீங்களா, கேடயம் கைக்கு வரலைன்னதும் ரெண்டு பேர் எழுந்து போயாச்சு" என்று பொருளாளரின் காதைக் கடித்தார் செயலாளர்.

தன்னார்வப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டு விழா. ஞாயிறானால் வீட்டு வேலையை டபாய்த்துவிட்டு, ஊருக்கு நடைபாலம் போடுவதும் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் இழுப்பதுமாகத் திரிகிறவர்களின் சங்கம் அது. வருடத்துக்கு ஒருமுறை சிறந்த கிளைக்குக் கேடயம் உண்டு. அன்றைக்கு மட்டும் சேவை மனப்பான்மை லீவு போட்டுவிடும்.

இந்த வருடமும் கேடயம் வடக்குக் கிளைக்கு. தெற்குக் கிளைக்கு இரண்டாம் இடம், அதாவது ஒன்றுமில்லை. தெற்குக் கிளையின் தலைவி கட்டட இன்ஜினியர், எல்லோருக்கும் ஸ்பானர் அக்கா. அவரும் அவர் கிளைக்காரர்கள் ஆறு பேரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அதில்தான் இரண்டு நாற்காலி காலி.

மேடையில் சங்கத் தலைவர் மைக்கை விடுவதாக இல்லை.

"வடக்குக் கிளைத் தலைவரே, தனியா வந்து நின்னா எப்படி? உங்க ஆளுங்களையும் கூப்பிடுங்க. இந்த மேடையே அவங்க கைவேலைதான். போன வருஷம் கேடயம் வாங்கின கிளை இந்த வருஷம் மேடை போடணும், அதுதானே நம்ம வழக்கம்."

எட்டு பேர் மேடையேறினார்கள். கைதட்டல். மூன்றாம் வரிசையில் இன்னும் இரண்டு பேர் குனிந்தபடி வெளியேறினார்கள்.

"குடும்பத்தையும் கூப்பிடுங்க. வீட்ல இருக்கறவங்க பொறுத்துக்கிட்டதாலதானே இந்தக் கேடயம்."

மனைவிமார், பிள்ளைகள், ஒரு மாமியார் என்று படியேறிக்கொண்டே இருந்தார்கள். அந்த மாமியார் சற்று கனமானவர். அவர் மேடையில் கால் வைத்ததும் மிச்சமிருந்த இருவரும் எழுந்தார்கள்.

ஸ்பானர் அக்கா பக்கத்திலிருந்த கணவரிடம் கையை நீட்டினார்.

"கார் சாவியைக் குடுங்க."

"இப்ப எதுக்கு? விழா முடியட்டுமே."

"குடுங்கன்னா குடுங்க."

குடுத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொனிக்குக் குடுத்துத்தான் பழக்கம். அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே போனார்.

செயலாளருக்குக் கொண்டாட்டம். கணவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன சார், வீட்டம்மா உங்களையே விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க போல?"

"எனக்கே புரியல சார். அவளுக்குக் கோபம் வந்தா பாத்திரம்தான் சத்தம் போடும். இப்படி எழுந்து போறவ இல்ல."

செயலாளர் நேராக மேடைப் படிக்குப் போய்த் தலைவரைக் குனியச் சொல்லிக் காதில் ஓதினார். ஓதியதில் பத்துக்கு எட்டு அவர் சொந்தச் சரக்கு.

தலைவரின் முகம் சிவந்தது.

"அடுத்தவங்க ஜெயிச்சா கைதட்டத் தெரியாதவங்களுக்கு இந்தச் சங்கத்துல இடமில்ல. தெற்குக் கிளையை இன்னியோட கலைக்கிறேன்."

கணவர் எழுந்தே விட்டார். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் ஆளாளுக்கு வீடு தேடிப் போய்ச் சேர்த்த கிளை அது. அது இல்லையென்றால் அவள் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வாள் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் போய்க் கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்" என்று வெளியே ஓடினார். வேடிக்கையை விட மனசில்லாமல் செயலாளரும் பின்னாலேயே போனார்.

கார்கள் ஒன்றுகூடப் போகவில்லை. தெற்குக் கிளைக்காரர்களின் கார்களில் மட்டும் டிக்கி திறந்து கிடந்தது. ஆட்கள் யாரும் இல்லை.

அரங்கத்தின் பின்வாசல் வழியாகத் தேடிக்கொண்டு வந்தபோது, மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த நீலத் துணிக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. செயலாளர் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

ஏழு பேரும் மேடைக்கு அடியில் கிடந்தார்கள். நடுவிலிருந்த இரும்புக்கால் ஒன்று வளைந்து போயிருந்தது. அதைச் சுற்றி கார் ஜாக்கிகளை வைத்து மேல்பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஸ்பானர் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் புழுதியாக, கடைசி ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வடக்குக் கிளைத் தலைவர் கேடயம் வாங்க ஏறினப்பவே நடுவுல லேசா தொங்க ஆரம்பிச்சுது" என்றார் கணவரைப் பார்த்து. "ஆளு ஏற ஏற எங்களுக்கு ஜாக்கி பத்தல. அதான் சாவி கேட்டேன்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் செயலாளர்.

"சொன்னா எல்லாரும் ஒரே பக்கமா ஓடுவாங்க, மேடை நிஜமாவே சாஞ்சிடும். அதோட, பாவம் அந்த வடக்குக் கிளைத் தலைவர், மாமியாரை வேற பக்கத்துல நிக்க வெச்சிருக்கார். இன்னிக்குப் போயா அவர் மானத்தை வாங்கறது?"

செயலாளர் இன்னும் கொஞ்சம் குனிந்து தலையை உள்ளே நீட்டினார். "சங்கத் தலைவர் உங்க கிளையைக் கலைச்சுட்டார், தெரியுமா?"

"கேட்டுது. எங்க தலைக்கு மேல நின்னுதானே சொன்னார்."

மேலே தலைவர் இன்னும் ஓயவில்லை. பொறாமை என்று சொல்லும்போதெல்லாம் காலை ஓங்கி உதைத்தார். உதைத்தபோதெல்லாம் கீழே ஏழு பேர் தலையிலும் மண் கொட்டியது.

"சார், ஒரே ஒரு உதவி" என்றார் அக்கா, ஜாக்கியிலிருந்து கையை எடுக்காமல். "எங்களை எவ்வளவு வேணும்னாலும் திட்டட்டும். காலை உதைக்காமத் திட்டச் சொல்லுங்க, போதும்."