சம்பந்தி வீட்டு இலை

மேசைமேல் இரண்டு திராட்சை இலைகள் கிடந்தன. ஒன்று துரைச்சாமியின் தோட்டத்தது. மற்றது சம்பந்தி வீட்டுப் பந்தலில் பறித்தது. தன் பாட்டனார் வைத்த கொடியில் குச்சி வெட்டித் திருடி நட்டுவிட்டார்கள் என்று சொல்லித்தான், கட்டிக்கொடுத்த மகள் பொன்னுத்தாயை அவர் திரும்பக் கூட்டிவந்திருந்தார்.

"பார்வைக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கும்யா," என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண். "மரபணு ஒத்துப்போகலை. இது வேற ரகம்."

"இன்னொரு தடவை பாருங்கம்மா."

"பார்த்தாச்சுய்யா."

"அப்ப ஒண்ணுதான்னு எழுதிக் குடுத்திருங்க. ஊர் கூடின இடத்துல அந்த மனுசனைத் திருடன்னு சொல்லிட்டேன்." குரல் கெஞ்சியது, முதுகு மட்டும் வளையவில்லை.

பின்னால் நின்ற பொன்னுத்தாய் சொன்னாள்: "அன்னைக்கே இலையைத் திருப்பிக் காட்டினேனேப்பா. நம்மளதுல அடியில பஞ்சு மாதிரி வெள்ளைச் சுனை முடி இருக்கு, அவங்களதுல இல்லைன்னு. புருசன் வீட்டுக்குப் பரிஞ்சு பேசாதேன்னு வாயை அடைச்சீங்க."

அவர் திரும்பவில்லை. சம்பந்தி வீட்டு இலையைக் கவிழ்த்துப்போட்டு, ஒரு சுனையாவது எழும்பாதா என்று கட்டைவிரலால் தேய்த்தார். இலை கிழிந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.