செத்த காலேஜுக்கு ஒரு உடுப்பு

"இன்னிக்கும் இல்லைன்னு சொல்லிடாதே வெள்ளையம்மா. பாலோ ஸ்டேஷன்ல ரயிலைப் பிடிக்கணும். நடந்து நடந்து எனக்கும் கால் ஓஞ்சுபோச்சு" என்றபடி கிரகோரி கிராணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

வெள்ளையம்மாவின் புருஷன் பாஸ்ரா சண்டையில் போட்ட பட்டாள உடுப்பு ஒன்று இந்த வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை வாங்கிப் போக, ஜோகூர் பாரு ஆபீசில் குமாஸ்தாவான அவர் மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார்.

"கொண்டுபோய் என்ன ஐயா பண்ணுவீங்க?"

"காட்சிசாலை திறக்கிறாங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுவோம். மெட்ராஸ்ல செத்த காலேஜ்னு சொல்வாங்களே, அதேதான்."

"செத்த காலேஜா!" வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பூட்டிட்டா அப்புறம் யாரும் எடுத்துப் போட்டுக்க முடியாதில்ல?"

"தொடக்கூட விடமாட்டோம்."

"அப்போ எடுத்துட்டுப் போங்க. பகலெல்லாம் ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்துல அதுக்கு ஒட்டுப் போட்டே என் கண்ணு போச்சு."

"ஐயோ, ஒட்டு எதுக்கு? கிழிசலுக்குத்தான் அங்கே மவுசு. சரி, கொண்டா."

"என் கையால எடுக்க முடியலையே ஐயா."

அப்பா செத்தபின் கிரகோரியின் அம்மாவும் இப்படித்தான், அப்பாவின் சட்டையைக் கொடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"உங்களுக்கு இங்கிலீசு தெரியுமில்ல?" என்றாள் வெள்ளையம்மா.

"தெரியும். ஏன்?"

"அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு, பின்வாசல்ல நின்னு 'டிஸ்மிஸ்'னு ஒரு சத்தம் குடுங்க. பட்டாளத்துத் துரை மாதிரி."

"யாரை வேலைய விட்டுத் தூக்கணும்?"

"கிண்டல் பண்ணாதீங்க. பட்டாளத்துல டிஸ்மிஸ்னா, நின்னது போதும், போய்த் தூங்குன்னு அர்த்தமாம். அந்த ஒரு வார்த்தைய யாரும் சொல்லாமலே அவரக் கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்களாம்."

ஆத்மா சாந்தியடைய ஏதோ சடங்கு போலிருக்கிறது என்று நினைத்தார் கிரகோரி. பாவம், செய்துவிட்டுப் போவோம். தொப்பியை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தவர், கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "டிஸ்மிஸ்!" என்று கத்தினார்.

கண்ணைத் திறந்தபோது, வாழை மரத்தடியில் விறகுக்கட்டையைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து, ஒட்டுப்போட்ட காக்கி உடுப்பில் விறைப்பாக நின்றிருந்த வெள்ளையம்மாவின் புருஷன், அவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு முதல் பித்தானைக் கழற்றத் தொடங்கினான்.