மயிலம்மாவின் டபுள் கெப்

"வேன் வேணாம். இந்த டபுள் கெப்புதான் வேணும்" என்றாள் மயிலம்மா, முன்னால் ரெண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த தட்டுமாக நின்ற வண்டியைத் தொட்டு.

தம்பி சுடலைமுத்து தலையில் கை வைத்தான். வாகனம் விற்கிற ஸாலிஹ் நானாவே திகைத்துப் போனார். விலை கூடின வண்டியைக் கேட்டு, விற்கிற மனுசனே திகைத்தாரென்றால் பாருங்களேன்.

"தங்கச்சி, கெப்ப வித்தா எனக்குத்தான் லாபம். ஆனாலும் சொல்றன், ஒங்கட வேலைக்கு வேன்தான் தோது. வெலை அரைவாசி. ஏசி ஈக்குது. என்ன மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள வராது."

"கேட்டியாக்கா? விக்கிறவரே சொல்றாரு!"

மயிலம்மாவுக்கு கொட்டாஞ்சேனையில் ஒரு சமையல் கடை. வெள்ளவத்தையில் எழும்புகிற பெரிய ஃபிளாட் ஒன்றில், வேலையாட்களுக்குத் தினமும் பகல் சோறு கொடுக்க ஓர்டர் கிடைத்திருக்கிறது. சோத்துப் பார்சலும் போக வேண்டும், கொடுப்பதற்கு நாலு பெண்களும் போக வேண்டும். சண்டைக் காலம், சந்திக்குச் சந்தி செக்பொயின்ட். த்ரீவீலரை நம்பினால் பகல் சோறு ராச்சோறு ஆகிவிடும்.

அதற்காகத்தான் கடை உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்து வண்டி எடுக்க வந்திருக்கிறாள். தவணை தப்பினால் கடை போய்விடும். இந்த நிலைமையில் பவுசு என்ன வேண்டிக்கிடக்கு என்பதுதான் சுடலைமுத்துவின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

"இது மந்திரிமார் போற வண்டிக்கா. பருப்பு வாளி தூக்குற நமக்கு எதுக்கு?"

"நமக்கும் ஒருத்தன் சலூட் அடிக்கட்டுமே" என்றாள் அக்காக்காரி.

போதாக்குறைக்கு, கடையில் வேலை செய்கிற குப்பாயியையும் கூட்டி வந்திருந்தாள். மட்டக்குளிக்காரி. அவளோ உள்ளே வராமல் கேட்டடியிலேயே நின்றாள்.

"வண்டி பாக்க மெக்கானிக்கக் கூட்டி வருவாங்க. நீ சட்டி கழுவுறவளக் கூட்டி வந்திருக்க. நல்லா வெளங்கும்!"

மயிலம்மா குப்பாயியின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஸாலிஹ் நானா பக்கம் திரும்பினாள்.

"கெப்புக்கே பேப்பர் எழுதுங்க நானா."

வண்டி தெருவுக்குள் வருவதற்கு முன்னமே செய்தி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மயிலம்மா எலெக்‌ஷன் கேட்கப் போகிறாளாம் என்றார்கள். இல்லை, ஆரோ வெளிநாட்டு மாப்பிள்ளை அகப்பட்டிருக்கிறான் என்றார்கள். சலூன் பெரியதம்பி மட்டும், "ரெண்டு மாசம். லீசிங்காரன் வந்து இழுத்துட்டுப் போவான்" என்று கத்தரிக்கோலைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

முதல் நாள்தான் உண்மையான கூத்து.

பின் சீட்டில் வெள்ளைத்துணி விரித்து, பார்சல் பெட்டிகளை வரிசையாக ஏற்றினாள் மயிலம்மா. ஏசியையும் போடச் சொன்னாள்.

"பெல்ட்டும் போட்டு விடவாக்கா?" என்றான், ஸ்டியரிங்கில் இருந்த சுடலைமுத்து.

நாலு பெண்களும் பின்னால் திறந்த தட்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண்டையைப் பிளக்கிற வெயில்.

"சோத்துக்குக் குஷன், சனத்துக்குத் தகரமா!" என்று சலூன் வாசலில் இருந்து ஒரு சத்தம். தெருவே சிரித்தது.

சுடலைமுத்துவுக்குக் காது சுட்டது. "ஒனக்கு ஈவிரக்கமே இல்லையாக்கா? ஆடு மாடு ஏத்துற மாதிரி ஏத்தியிருக்க!"

"சோறு கெட்டா ஓர்டர் போயிரும். ரோட்டப் பாத்து ஓட்டு."

காலி முகத்திடலுக்குக் கிட்ட செக்பொயின்ட். சலூட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆமிக்காரப் பொடியன் ஐடென்டிகார்டுகளைப் பார்த்தான், உள்ளே பார்த்தான், பின்னால் பார்த்தான்.

"பத் எதுளே, மினிஸ்ஸு எளியே?" சோறு உள்ளுக்கு, மனுசர் வெளியிலா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான்.

இந்த மானக்கேடு போதாதென்று பம்பலப்பிட்டி தாண்டும்போது மழை வேறு பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. சுடலைமுத்து கண்ணாடியில் பார்த்தான். நாலு பேரும் தொப்பலாக நனைந்தபடி நின்றார்கள்.

வண்டியை ஓரங்கட்டிப் பிரேக்கைப் போட்டான்.

"இனி ஒரு அடி ஓட்ட மாட்டேன். நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பார்சலத் தூக்கிப் பின்னால போட்டுத் தார்ப்பாயால மூடு. அவங்கள உள்ள ஏத்து!"

மயிலம்மா அவனைத் திட்டவில்லை. "நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன்டா. நீ வேணும்னா கூப்பிட்டுப் பாரு" என்றாள்.

அவன் மழையில் இறங்கி ஓடினான். பின் சீட்டுக் கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"குப்பாயிக்கா, இறங்குங்க! எல்லாரும் உள்ள ஏறுங்க! எங்கக்காவுக்கு நான் பதில் சொல்றேன்!"

ஒருத்தியும் அசையவில்லை. குப்பாயி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"வேணாந் தம்பி. கதவச் சாத்துனா எனக்கு மூச்சு முட்டும். ஒங்கக்கா எங்களக் கேட்டுத்தான் இந்த வண்டிய எடுத்தா."

"எதுக்கு? இப்பிடி மழையில நனையவா?"

"நனைஞ்சா காஞ்சிரும் தம்பி. இங்க நின்னா ரோடே எங்களப் பாக்குது. எம்மகன வேனுக்குள்ள இழுத்துப் போட்டுக் கதவச் சாத்தினப்ப, ஒருத்தரும் பாக்கலன்னு சொல்லிட்டாங்க."