சில்வர்க் கத்தி

இவனுக்கு இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் தரவேண்டிய கித்தேரியான் படகுக்கு அடியில் இருந்தான்.

அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனி இவன் கையில்.

கயிறு ஒருமுறை விறைத்தது. பிறகு தொய்ந்தது.

எஞ்சின் நின்று வெகுநேரமாகிவிட்டது. எவனோ கடலில் அறுத்துவிட்ட பழைய வலைக்கயிறு படகின் அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றி இறுகிப் போயிருந்தது. காற்று படகைப் பாறைத்திட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. அங்கே அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. கொஞ்சம் முன்னால் அது தெரியவில்லை.

முங்கப் போகுமுன் கித்தேரியான் தன் இடுப்பில் தொங்கிய கத்தியைத்தான் தொட்டான். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த கத்தி. உப்புக்காற்று பட்டால் மறுநாளே துரு. நாலு கயிறு அறுத்தால் மழுங்கிவிடும். ஆனால் கல்லில் இப்படியும் அப்படியும் இரண்டு தேய்ப்புப் போதும், முன்னங்கை மயிரை வழிக்கும்.

படகோட்டும் டிரைவர் வேண்டாமென்றார்.

"தண்ணிக்குள்ள கல்ல வச்சா தீட்டப் போற? அவன் சில்வர்க் கத்திய வாங்கிட்டு முங்குல. ஒரு வருசமா மொன்னையாவலன்னு பீத்துதாம்லா."

ஒரு வருடம் மழுங்காமல் இருந்தது உண்மைதான். இவன் மைத்துனன் துபாயிலிருந்து கொண்டுவந்த மடக்குக் கத்தி. அந்த இரும்பே வேறு ஜாதி. துரு அண்டாது. கயிறு, ரப்பர், சுறாத்தோல் எதை அறுத்தாலும் வாய் அப்படியே இருந்தது. கித்தேரியான் கல்லோடு உட்காரும்போதெல்லாம் இவன் சில்வரை எடுத்து நகம் சீவிக் காட்டுவான்.

காலையில் கஞ்சி குடிக்கும்போதும் அந்தப் பேச்சுதான் வந்தது. இவன் பணத்தைக் கேட்டான். கித்தேரியான் தன் மகளுக்குக் கண்ணாடி போட வாங்கிய பணம். அடுத்த மாசம் என்றான் கித்தேரியான்.

"ஒன் வாக்கும் ஒன் கத்தியும் ஒண்ணுதாம்ல. ஒரு ராத்திரி தாங்காது."

இவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். கித்தேரியான் கஞ்சியைக் குடித்து முடித்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான்.

இவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

போன வாரம் கரையில், வீட்டுக் கூரைக்கு கட்டுக்கம்பி முறுக்கும்போது, சில்வரால் அதை நறுக்கப் பார்த்தான். வாய் போய்விட்டது. மதியங்களில் கித்தேரியான் அசந்து தூங்கும்போது அவனுடைய கல்லையே எடுத்து வைத்துத் தீட்டிப் பார்த்தான். கல் வழுக்கியது. கண்ணாடியைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. லேசில் மழுங்காத இரும்பு லேசில் கூரும் ஆகவில்லை.

கித்தேரியான் கையை நீட்டியபோது சொல்லியிருக்கலாம்.

டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும். காலையில் விட்ட வார்த்தை இன்னும் படகிலேயே கிடந்தது.

எடுத்துக் கொடுத்தான்.

பையில் விரிந்துவிடாமலிருக்க ரப்பர் வளையம் போட்ட கத்தி. நேராக இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று. அது இவன் வழக்கம்.

கித்தேரியான் கத்தியைப் பார்த்தான். இவனைப் பார்த்தான். நிக்கர் பையில் போட்டுக்கொண்டு குதித்துவிட்டான்.

அலை படகின் பின்புறத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அடியில் இருப்பவன் தலைக்கு மேல்தான் அவ்வளவு கனமும் இறங்கும். நல்ல கத்தியென்றால் ஒரு மூச்சில் வேலை முடியும். மொன்னையென்றால்?

தலை மேலே வந்தது. முகம் அந்தப் பக்கம் இருந்தது.

"அறுந்துச்சா?"

இல்லையென்று ஆடிவிட்டு மறுபடி மறைந்தது.

இவன் டிரைவர் பக்கம் திரும்பினான்.

"டிரைவரண்ணே, அந்தக் கத்தி..."

"கத்திக்கு என்னல?"

"ஒண்ணுமில்ல."

பின்புறம் உயர்ந்து பொத்தென்று இறங்கியது. அடிப்பலகையில் என்னவோ இடித்தது. கீழேயிருந்து.

கயிறு தொய்ந்தே கிடந்தது.

இழுத்தான். கனமில்லாமல் கையோடு வந்தது. மறுபடி இழுத்தான். மாதாவே, மாதாவே என்றான். காதுச் சவ்வு கிழிந்ததிலிருந்து இவன் முங்கக் கூடாது. சட்டையைக் கழற்றி எறிந்தான். ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தான்.

கயிறு விறைத்தது.

தலை வந்தது. பிறகு ஒரு கை. கையில் சிக்குப்பிடித்த பச்சைக் கயிறு. நெற்றியிலிருந்து ரத்தம் தண்ணீரோடு வழிந்தது.

எஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. படகு பாறைத்திட்டுக்கு முதுகைக் காட்டியது.

"சில்வருன்னா சில்வர்தாம்ல" என்றார் டிரைவர்.

கித்தேரியான் இல்லையென்று சொல்லவில்லை. வந்து இவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நிக்கர் பையில் கையை விட்டுக் கத்தியை எடுத்து இவன் மடியில் வைத்தான்.

மடக்கியது மடக்கியபடி இருந்தது.

ரப்பர் வளையம் நேராக இரண்டு சுற்று. குறுக்கே ஒன்று.

கித்தேரியான் தன் கத்தியை உருவினான். வாயில் பச்சை நார் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுக் கல்லை எடுத்தான். இப்படியும் அப்படியும் இரண்டு தேய்ப்பு.

"கரையேறுனதும் எங்கயாவது பொரட்டி ஒன் ரூவாயத் தந்துருதேன்." கல்லைப் பார்த்தபடியேதான் சொன்னான்.

"எந்த ரூவா?" என்றான் இவன்.