சைரன் போடாதவர்

சைரன் கண்டுபிடிக்கப்பட்டதே வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்காகத்தான் என்பது அந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் அசைக்க முடியாத முடிவு.

"பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு பிரசவக் கேஸுக்குக்கூட நான் சைரன் போட்டதில்ல, சிஸ்டர்" என்றார், பின்னால் இருந்த நர்ஸிடம்.

"இன்னிக்குப் போடுங்கண்ணே" என்றாள் கர்ப்பிணி, வயிற்றில் கையும் கடிகாரத்தில் கண்ணுமாக.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"துளிகூட இல்லண்ணே. ஆனா மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ வயிறு கல்லாகுது."

"தலைப்பிரசவமா? பயம் இருக்கத்தான் செய்யும். கத்துற சத்தத்த வச்சே குழந்தை எப்பப் பொறக்கும்னு சொல்லிடுவேன் நான். நீ என்னடான்னா சினிமாவுக்குப் போற மாதிரி உக்காந்திருக்க. வலியே இல்லாம சைரன் போட்டா ஊர் சிரிக்கும்மா."

"நான் கத்த மாட்டேண்ணே. எண்டோமெட்ரியோசிஸ்னு ஒரு கருப்பை நோய். அந்த வலி தாங்காம, எட்டு வருஷம் முன்னாடி கருப்பைக்குப் போற நரம்பையே வெட்டி எடுத்தாச்சு. மாசாமாசம் வந்த வலி போச்சு. கூடவே பிரசவ வலியும் போச்சு. வலி வரட்டும்னு காத்திருந்துதான் மூத்தவன் குளியலறையில பொறந்தான். இது ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் பொறக்கணும். போடுங்க."

நர்ஸ் அவசரமாகக் கையுறையை மாட்டினாள்.

ஓட்டுநர் சைரன் பொத்தானுக்குக் கையை நீட்டினார். அடுத்த நொடி, அவளுக்கும் சேர்த்து வண்டி கத்தியது.