பாறை மறைவில் ஒரு கூடாரம்

தனியாக நடைப்பயணம் போகும் பெண்கள் இருபது பேர் நூலக மாடியில் கூடியிருந்தோம். போன மாதம் கடலோரமாக நான்கு நாள் நடந்த கதையைச் சொன்னேன். மூன்றாம் நாள் கால் கொப்புளம் தாங்காமல் பஸ் ஏறி, தங்கை வீட்டு மெத்தையில் போய்ப் படுத்ததை மட்டும் விட்டுவிட்டேன். அன்றும் பாறை மறைவில் கூடாரம் போட்டுத் தூங்கியதாக வாய் கூசாமல் அளந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் நர்ஸ் உடுப்பில் இருந்த ஒரு பெண் அருகில் வந்தாள்.

“என்னை ஞாபகம் இருக்காக்கா? அன்னிக்கு அந்தப் பாறைகிட்ட நானும்தான் கூடாரம் போட்டிருந்தேன்.”

குட்டு உடைந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் பயந்து அழுதப்போ நீங்கதான் டீ போட்டுக் கொடுத்து, பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. ரொம்ப நன்றிக்கா.”

வேறு யாரையோ நானென்று நினைத்துவிட்டாள். மறுக்க மனம் வரவில்லை. “பரவாயில்லம்மா” என்றேன்.

“விடிஞ்சதும் கிளம்பலாம்னு கூப்பிட்டேன். நீங்க ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. ‘பஸ்ல போனவ வரட்டும், அவளோட சேந்து வர்றேன்’னு சொன்னீங்க” என்றாள். “அவங்க வந்தாங்களாக்கா?”